பிரிட்டனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு: இனப் பாகுபாட்டைத் தடுப்பதும் எதிர்கொள்வதும்

வேலையிடத்தில் நடந்தது அநியாயம் என்று மனதுக்குத் தெரிந்தும், "அவர் இனத்தைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார் என்று எப்படி நிரூபிப்பது?" என்று யோசித்தே புதிதாக வந்த பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். இன்னொருவர் மனதைத் திறந்து காட்ட யாராலும் முடியாது. சட்டம் அதைக் கேட்பதும் இல்லை. 1999 இல், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, நாகராஜன் எதிர் லண்டன் பிராந்தியப் போக்குவரத்து வழக்கில், பாகுபாடு காட்டியவர் தெரிந்தே அதைச் செய்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தன்னிடம் அந்த எண்ணம் இருப்பதை அவரே அறியாமல் இருக்கலாம். அப்போதும் அது பாகுபாடுதான்.

ஆகவே நீங்கள் காட்ட வேண்டியது நடத்திய விதத்தை. உங்களை எப்படி நடத்தினார்கள், உங்கள் இடத்தில் வேறு இனத்தவர் இருந்தபோது அவரை எப்படி நடத்தினார்கள், எந்தத் தேதியில் நடத்தினார்கள். இந்த மூன்றையும் கையில் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலான சிக்கல்கள் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் (வேலை வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) போகாமலே தீர்கின்றன. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

சட்டம் எதைக் காக்கிறது

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் நடப்பது 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், அதாவது ஈக்வாலிட்டி ஆக்ட். வட அயர்லாந்துக்கு 1997 இல் வந்த இன உறவுகள் ஆணை தனியாக இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் வட அயர்லாந்துச் சமத்துவ ஆணையத்தை அணுக வேண்டும்.

இந்தச் சட்டத்தில் 'இனம்' என்பதற்குள் நிறம், குடியுரிமை, இனக்குழு, பூர்வீக நாடு எல்லாம் அடங்கும். "கறுப்பன்" என்று சொன்னால்தான் குற்றம் என்பதில்லை. "இந்தியர்களை எடுப்பதில்லை", "இலங்கைக்காரர்களுக்கு இரவு ஷிப்ட் போதும்" என்பவையும் அதே வகைதான். உங்களை வேறு இனத்தவர் என்று தவறாக நினைத்து நடத்தினாலும், உங்கள் கணவரோ மனைவியோ நண்பரோ வேறு இனத்தவர் என்பதற்காக நடத்தினாலும் பாதுகாப்பு உண்டு.

நான்கு வகைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். புகார்க் கடிதத்தில் எது என்று சொல்ல இது உதவும்.

நேரடிப் பாகுபாடு: இனத்தின் காரணமாக மற்றவரைவிட மோசமாக நடத்துவது. இனவாரியாக ஆட்களைத் தனியே பிரித்து வைப்பதும் இதில் சேரும். இதற்கு "வியாபாரத்துக்குத் தேவைப்பட்டது" என்று நியாயம் சொல்ல முடியாது.

மறைமுகப் பாகுபாடு: எல்லாருக்கும் ஒரே விதி, ஆனால் அது ஒரு பிரிவினரை அதிகம் தாக்குகிறது. "பிரிட்டனில் ஐந்து வருட அனுபவம் வேண்டும்" என்பது ஓர் உதாரணம். "இரண்டு வாரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடையாது" என்பது இன்னொன்று. பெற்றோர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவரை அது தாக்கும் அளவுக்கு, பெற்றோர் பக்கத்து ஊரில் இருப்பவரைத் தாக்காது. இங்கே முதலாளி, விதி உண்மையான தேவைக்கு உரியது, அந்தத் தேவைக்கு மிஞ்சாதது என்று காட்டினால் தப்பலாம்.

துன்புறுத்தல்: இனம் தொடர்பான பேச்சோ செயலோ உங்கள் கண்ணியத்தைக் குலைப்பது, அல்லது அவமானமும் பகையும் நிறைந்த சூழலை உண்டாக்குவது. "விளையாட்டாகச் சொன்னேன்" என்பது விடையாகாது, ஏனெனில் நோக்கம் இல்லாவிட்டாலும் விளைவு போதும். ஒரே ஒரு பேச்சும் போதுமானதாக இருக்கலாம். 2009 இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்த ஒரு வழக்கில், வேலையை விட்டுப் போகும் இந்திய வம்சாவளிப் பெண்ணிடம், இந்தியாவில் கட்டிக்கொடுத்துவிடாவிட்டால் மறுபடி சந்திப்போம் என்ற பொருளில் மேலாளர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு 1,000 பவுண்டு இழப்பீடு நின்றது. ஆனால் அதே தீர்ப்பு, சின்ன மனவருத்தங்களை எல்லாம் இந்த வகையில் சேர்க்கக் கூடாது என்றும் எச்சரித்தது. இரண்டையும் மனதில் வையுங்கள்.

பழிவாங்கல்: பாகுபாடு என்று புகார் செய்ததற்காகவோ, இன்னொருவருக்குச் சாட்சி சொன்னதற்காகவோ உங்களுக்குக் கெடுதல் செய்வது. உங்கள் முதல் புகார் கடைசியில் தோற்றாலும், நேர்மையாகச் சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு நிற்கும்.

வேலையில் சேர்ந்து இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இதற்குக் கிடையாது. தகுதிகாண் காலத்தின் முதல் நாளிலும் உண்டு. விண்ணப்பித்து வேலை கிடைக்காதவருக்கும், ஏஜென்சி மூலம் வருபவருக்கும், தானே நேரில் வேலை செய்து தரும் பல ஒப்பந்தக்காரர்களுக்கும் உண்டு.

இனி, புதிதாக வந்தவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஓர் ஓட்டை. குடியுரிமை என்பது இனத்தில் அடங்கும். விசா நிலை அடங்காது. 2016 இல் உச்ச நீதிமன்றம், வீட்டுவேலைக்குக் கொண்டுவரப்பட்ட இரண்டு நைஜீரியப் பெண்களின் வழக்குகளில், விசா பலவீனத்தைப் பயன்படுத்திக் கொடுமைப்படுத்துவது மட்டும் இனப் பாகுபாடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. மிகவும் வருந்தத்தக்க முடிவு. ஆனால் நடப்புச் சட்டம் அதுதான். எனவே "எனக்கு ஸ்பான்சர் விசா என்பதால் இப்படி நடத்துகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்காமல் போகலாம். அதே விசாவில் இருக்கும் வேறு நாட்டவரை, வேறு நிறத்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் அதை எழுதுங்கள். குறைந்தபட்ச ஊதியம், பிடித்தம் செய்த சம்பளம் போன்றவற்றுக்கு வேறு சட்டங்கள் உள்ளன. அவற்றைத் தனியாகக் கேட்கலாம்.

வேலை தேடும்போது

பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தைத் தள்ளுவது கற்பனைப் புகார் அன்று. அரசின் வேலை, ஓய்வூதியத் துறைக்காகச் செய்து 2009 இல் வெளிவந்த ஆய்வில், ஒரே தகுதியுள்ள பொய் விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையர் பெயருக்கு ஒன்பது விண்ணப்பத்தில் கிடைத்த நல்ல பதில், சிறுபான்மையினர் பெயருக்குப் பதினாறு அனுப்பினால்தான் கிடைத்தது. உங்களுக்குப் பயன்படும் செய்தி இன்னொன்றும் அதில் உண்டு: நிறுவனத்தின் சொந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பச் சொன்ன இடங்களில் இந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆகவே சுயவிவரத்தை மின்னஞ்சலில் அனுப்பும் வழியும் படிவம் நிரப்பும் வழியும் இரண்டும் இருந்தால் படிவத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரம் பிடிக்கும், பலன் உண்டு.

விளம்பரத்தில் 'தாய்மொழி ஆங்கிலம்' என்று கேட்டால் அது ஆபத்தான சொல். வேலைக்குத் தேவையான அளவு ஆங்கிலம் கேட்கலாம். பிறப்பால் வந்த ஆங்கிலம் கேட்கக் கூடாது. திரையைப் படம் எடுத்து வையுங்கள். விளம்பரங்கள் இரண்டே வாரத்தில் காணாமல் போகும்.

வெளிநாட்டுப் பட்டத்தைப் பார்த்தவுடனே ஒதுக்குவதைத் தடுக்க, யு.கே. எனிக் அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்கி விண்ணப்பத்தோடு சேருங்கள். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். அப்பா பெயர் ஒரு தாளில் முதலெழுத்தாகவும், இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் இருக்கும். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். பட்டச் சான்று, பாஸ்போர்ட், இ-விசா மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று இரண்டு வரியில் விளக்கம் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். "ஆவணம் பொருந்தவில்லை" என்ற சாக்கு அங்கேயே அடைபடும்.

வேலை செய்யும் உரிமையைச் சரிபார்ப்பதில் பல தவறுகள் நடக்கின்றன. இ-விசா உள்ளவர் அரசு இணையதளத்தில் ஷேர் கோடு எடுத்துப் பிறந்த தேதியோடு கொடுக்க வேண்டும். வேலைக்கான ஷேர் கோடு 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும்; 90 நாள் செல்லும். முதலாளிகளுக்கு அனுமதியில்லாத ஒருவரை வைத்தால் முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை, மறுபடி என்றால் 60,000 வரை அபராதம் உண்டு. அந்தப் பயத்தில் சிலர் உச்சரிப்பு வித்தியாசமாக இருப்பவரிடம் மட்டும் ஆவணம் கேட்கிறார்கள். அது சட்டத்துக்கு எதிரானது. உள்துறை அமைச்சகத்தின் நடைமுறைக் கோவையே, எல்லாரிடமும் ஒரே கட்டத்தில் ஒரே மாதிரி கேட்கச் சொல்கிறது. நிரந்தர வதிவுரிமை உள்ளவரிடம் ஆண்டுதோறும் மறுபடி கேட்பதும் தேவையற்றது; காலவரை உள்ள விசாவுக்கு மட்டுமே மறுபரிசோதனை.

முதல் மாதத்தில் செய்து வைக்க வேண்டியவை

ஒப்பந்தம், சமத்துவக் கொள்கை, குறைதீர்ப்பு நடைமுறை ஆகிய மூன்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பே ஸ்லிப்பில் நிறுவனத்தின் சட்டபூர்வப் பெயர் என்ன என்று பாருங்கள். கடைப் பலகையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும். பிற்பாடு படிவத்தில் தவறான பெயரை எழுதி வீணாக அலைந்தவர்கள் நிறைய.

யூனியனில் இப்போதே சேருங்கள். சிக்கல் வந்த பிறகு சேர்ந்தால், சேருவதற்கு முன்பே தொடங்கிய பிரச்சினைக்குப் பல யூனியன்கள் வழக்கறிஞர் உதவி தருவதில்லை. இங்கிலாந்தில் மருத்துவத் துறையில் இருப்பவர்கள், தங்கள் மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையில் (என்.எச்.எஸ். டிரஸ்ட்) ஊழியர் கவலைகளைக் கேட்கும் 'ஃப்ரீடம் டு ஸ்பீக் அப்' காவலர் யார் என்று தெரிந்து வையுங்கள். வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் அதில் சட்டச் செலவு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

பெயரைத் தொடக்கத்திலேயே சரிசெய்யுங்கள். "சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, உன்னை சாம் என்று கூப்பிடுகிறேன்" என்றால், முதல் வாரத்திலேயே சிரித்த முகத்தோடு, "என் பெயர் இதுதான், இப்படிப் பிரித்துச் சொல்லுங்கள்" என்று இரண்டு தடவை சொல்லிக் காட்டுங்கள். ஆறு மாதம் விட்டுவிட்டுப் பிறகு மாற்றச் சொல்வது கடினம். சொன்ன பிறகும் வேண்டுமென்றே சிதைத்துக் கூப்பிட்டால் அது குறிப்பேட்டில் ஏற வேண்டிய விஷயம்.

ஏதாவது நடந்தால்: குறிப்பேடு

இந்த ஒரு பழக்கம்தான் மற்ற எல்லாவற்றையும் தாங்குகிறது. நடந்த அன்றே, வீட்டுக்குப் போனதும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதிய குறிப்புக்கு எடை குறைவு. உதாரணம்:

"மார்ச் 10, செவ்வாய், மாலை 4.15, இரண்டாம் மாடி மருந்து அறை. குழுத் தலைவர் சொன்னது: 'யூ பீப்பிள் ஆர் ஆல்வேஸ் ஸ்லோ.' பக்கத்தில் இரவு ஷிப்ட் நர்ஸ் ஒருவரும் துப்புரவுப் பணியாளர் ஒருவரும் இருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. 4.40க்கு என் சனிக்கிழமை ஷிப்டை எடுத்துவிட்டார். அதே நாள் அதே வேலையை அரை மணி தாமதமாக முடித்த இன்னொருவரின் ஷிப்டை எடுக்கவில்லை, அவர் வெள்ளையர்."

இதில் கடைசி வாக்கியம்தான் உயிர். அதைத்தான் பெரும்பாலானோர் எழுதாமல் விடுகிறார்கள். "என்னை அவமானப்படுத்தினார்" என்று பத்துப் பக்கம் எழுதியவரைவிட, ஒப்பிடத்தக்க ஒருவரைக் காட்டியவர் வெகு தூரம் முன்னால் இருப்பார். ஒப்பீடு பொருந்தவும் வேண்டும்: அதே பதவி, அதே மேலாளர், அதே வகைத் தவறு. அப்படி ஒருவரும் இல்லையென்றால், வேறு இனத்தவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் எப்படி நடத்தியிருப்பார்கள் என்று காட்டும் கற்பனை ஒப்பீட்டையும் தீர்ப்பாயம் ஏற்கும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்தல் என்றால், நிரூபிக்கும் சுமை இரண்டு கட்டமாக இருக்கிறது. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று எண்ண இடம் தரும் உண்மைகளை முதலில் நீங்கள் வைக்க வேண்டும். வைத்த பிறகு, காரணம் இனம் இல்லை என்று காட்டும் சுமை முதலாளி மேல் விழுகிறது. முதல் கட்டம் தொழிலாளியுடையதுதான் என்பதை 2021 இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. "வேறு இனம், மோசமாக நடத்தினார்கள்" என்ற இரண்டு மட்டும் இருந்தால் முதல் கட்டமே தாண்டாது. கூட ஒன்று வேண்டும்: ஒரு பேச்சு, மாறிக்கொண்டே போன காரணம், பின்பற்றாமல் விட்ட நடைமுறை, பதில் சொல்லாமல் தவிர்த்த கேள்வி.

தமிழில் எழுதலாம். ஆனால் அவர்கள் சொன்ன ஆங்கில வார்த்தையை அப்படியே எழுதுங்கள். மொழிபெயர்த்தால் அதன் கூர்மை மாறிவிடும். நிறுவன மின்னஞ்சல்களை மொத்தமாகச் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். நோயாளி விவரம், வாடிக்கையாளர் விவரம் உள்ள எதையும் படம் எடுக்காதீர்கள். உங்கள் புகார் மறைந்து அது உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கையாகத் திரும்பும். ரகசியமாகக் குரல் பதிவு செய்வதும் அப்படித்தான்: தீர்ப்பாயம் ஏற்கவும் கூடும், முதலாளி அதை ஒழுங்கீனம் என்று சொல்லவும் கூடும். குறிப்பேடு போதுமான இடத்தில் பதிவு வேண்டாம்.

உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுத்தில் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். 'எல்லாம் தாருங்கள்' என்று கேட்காமல், "ஜனவரி முதல் ஏப்ரல் வரை என் பதவி உயர்வு பற்றி இந்த இருவரும் எழுதிய மின்னஞ்சல்கள்" என்று குறுக்கிக் கேட்டால் விரைவில் வரும்.

புகார்க் கடிதம்

சிறிய விஷயமாக இருந்து, பேசினால் சரியாகும் என்று தோன்றினால் முதலில் மேலாளரிடம் பேசலாம். பேசிய அன்றே, "இன்று நாம் பேசியது இது" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சரியாகவில்லை என்றால் முறையான குறைமனு.

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நடந்தவற்றைத் தேதி வரிசையில் எண்ணிட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒப்பீடு. முடிவில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: ஷிப்ட் பங்கீட்டை மறுபார்வை செய்வதா, மன்னிப்பா, வேறு மேலாளரா. 'ரேஸ் டிஸ்கிரிமினேஷன்', 'ஈக்வாலிட்டி ஆக்ட் 2010' என்ற இரண்டு தொடர்களும் கடிதத்தில் கட்டாயம் இருக்கட்டும். 'அன்ஃபேர்', 'புல்லியிங்' என்று மட்டும் எழுதினால், பின்னால் பழிவாங்கும்போது "இவர் இனப் பாகுபாடு என்று சொல்லவே இல்லையே" என்று வாதிட வழி கிடைக்கும். நம் ஆட்கள் மரியாதை கருதி அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு விலை மிக அதிகம்.

கூட்டத்துக்கு யூனியன் பிரதிநிதியையோ உடன் பணிபுரிபவரையோ அழைத்துச் செல்லலாம். முடிவு பிடிக்கவில்லை என்றால் மேன்முறையீடு செய்யுங்கள். வேலையிடத் தகராறுகளில் ஆலோசனையும் சமரசமும் செய்யும் பொது அமைப்பான ஏகாஸின் நடைமுறைக் கோவையைக் காரணமில்லாமல் மீறியவர் யாராக இருந்தாலும் தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ முடியும். அதனால் நீங்களும் படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

விசா பயம் பற்றி. புகார் செய்வது விசா நிபந்தனையை மீறுவது ஆகாது. "ஸ்பான்சர்ஷிப்பை எடுத்துவிடுவேன்" என்று புகாருக்குப் பதிலாக மிரட்டினால் அதுவே பழிவாங்கலாகக்கூடும். அந்த வார்த்தைகளை அன்றே எழுதி வையுங்கள். வேலை போனால் உள்துறை அமைச்சகம் வழக்கமாக விசாவை 60 நாளாகச் சுருக்கும்; அதற்குள் புது ஸ்பான்சர் தேட வேண்டும். ஆகவே புகார் எழுதும் வாரத்திலேயே அமைதியாக வேறு இடங்களுக்கும் விண்ணப்பிக்கத் தொடங்குவதில் தவறு இல்லை.

தேதி தவறினால் எல்லாம் போகும்

நல்ல வழக்குகள் நாள் கணக்கில் தவறியே அதிகம் சாகின்றன. வழக்குக்கான காலக்கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைவு. மார்ச் 10 இல் நடந்தால் ஜூன் 9 கடைசி நாள். அதற்குள் ஏகாஸிடம் முன்சமரசத்துக்கு, அதாவது வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சுக்கு, பதிவு செய்திருக்க வேண்டும். குறைமனு நடந்துகொண்டிருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. "விசாரணை முடியட்டும், பொறுங்கள்" என்று எச்.ஆர். நல்ல மனதோடு சொன்னாலும் நிற்காது. இதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினாலும் தகும்.

2025 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் இந்தக் காலத்தை ஆறு மாதமாக நீட்ட வகைசெய்கிறது. உங்கள் சம்பவத்துக்கு அது பொருந்துகிறதா என்று ஏகாஸிடம் கேட்டு உறுதிசெய்யும்வரை மூன்று மாதம் என்றே எண்ணுங்கள்.

பல சம்பவங்கள் தொடர்ச்சியாக நடந்தால் கடைசி நாளிலிருந்து எண்ணலாம். ஆனால் அவை ஒரே தொடர் என்று தீர்ப்பாயம் ஒப்ப வேண்டும். வெவ்வேறு ஆட்கள் செய்த தனித்தனிச் செயல்கள் என்று பிரித்துவிட்டால் பழையவை உதிர்ந்துபோகும். தாமதத்தை மன்னிக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்காராதீர்கள்.

ஏகாஸ் பதிவு இலவசம். இணையப் படிவம் போதும். ஆலோசனைக்கு 0300 123 1100. எதிர்த்தரப்பின் பெயரைப் பே ஸ்லிப்பைப் பார்த்து எழுதுங்கள். தனிநபர் மேலும் வழக்கு வேண்டுமானால் அவர் பெயருக்குத் தனிப் பதிவு வேண்டும். ஏஜென்சி ஊழியர் என்றால் ஏஜென்சி, வேலை செய்த இடம் இரண்டையும் பதிவு செய்யுங்கள். சமரசம் நடக்கும் காலத்துக்குக் கடிகாரம் நிற்கும். சமரசம் ஆகாவிட்டால் எண்ணுள்ள சான்றிதழ் தருவார்கள். அந்த எண்ணை, தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கும் இ.டி.1 படிவத்தில் பிழையில்லாமல் எழுத வேண்டும்.

தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் இல்லை. இருந்த கட்டணத்தை, யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று நீக்கியது. தோற்றாலும் எதிர்த்தரப்பின் செலவைக் கட்ட வேண்டிவருவது அரிது. பொய்யாகவோ வீம்பாகவோ நடத்தினால்தான் அந்த நிலை. விசாரணை வர மாதக்கணக்கில், சில இடங்களில் அதற்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும்.

இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. சம்பள இழப்பு தனி. மனப் புண்ணுக்கான தொகைக்கு மூன்று படிகள் உண்டு; 2025 ஏப்ரல் 6 முதல் ஓராண்டுக்குள் தொடுத்த வழக்குகளுக்கு 1,200 முதல் 12,100 பவுண்டு வரை, 36,400 வரை, 60,700 வரை. ஒரு தடவை நடந்த சம்பவங்கள் பெரும்பாலும் முதல் படியில்தான் அமையும். ஏகாஸ் வழியாகப் பேசும்போது தொலைபேசியில் "சரி" என்று சொன்னாலே ஒப்பந்தம் கட்டுப்படுத்தக்கூடும். எனவே தொகையோடு நற்சான்றுக் கடிதத்தின் வாசகத்தையும் முடித்துக்கொண்டு பிறகு சரி சொல்லுங்கள். புது ஸ்பான்சர் தேடுபவருக்குப் பணத்தைவிட அந்தக் கடிதம் பெரிது.

நீங்களே மேற்பார்வையாளராக இருந்தால்

வந்த இரண்டு மூன்று ஆண்டில் பலர் ஷிப்ட் பொறுப்பாளராகிறார்கள், சிலர் கடையே எடுக்கிறார்கள். உங்கள் கீழ் வேலை செய்பவர் இன்னொருவரைத் துன்புறுத்தினால் நிறுவனம் பொறுப்பு. செய்தவரும் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. தடுப்பதற்கு நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தேன் என்று காட்டினால் மட்டுமே நிறுவனம் தப்பும்.

'எல்லா' என்ற சொல்லில்தான் பலர் விழுகிறார்கள். 2021 இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்த ஒரு வழக்கில் நிறுவனத்திடம் கொள்கையும் இருந்தது, பயிற்சியும் நடந்திருந்தது. ஆனால் பயிற்சி நடந்து ஓராண்டுக்கு மேல் கடந்திருந்தது. இந்திய வம்சாவளி ஊழியரைப் பற்றிய இழிபேச்சைக் கேட்டும் மேலாளர்கள் ஒழுங்காக நடவடிக்கை எடுக்கவில்லை. பயிற்சி ஊசிப்போய்விட்டது என்று சொல்லி அந்தத் தற்காப்பை ஏற்க மறுத்தது தீர்ப்பாயம். எனவே ஆண்டுக்கு ஒரு தடவையாவது நடத்துங்கள். பதினைந்து நிமிடக் காணொளியை ஓட்டிக் கையெழுத்து வாங்குவதை வைத்து ஏமாறாதீர்கள். உங்கள் வேலையிடத்தில் உண்மையில் காதில் விழும் பேச்சுகளை எடுத்து, கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று பழக்குங்கள். நீங்களே கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள், அன்றே எழுதுங்கள்.

ஆள் எடுக்கும்போது, விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே என்ன தகுதி, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவிடுங்கள். இரண்டு பேர் தனித்தனியே மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் பேச வேண்டும். முன்பே பேசினால் மூத்தவர் எண்ணம்தான் இரண்டு தாளிலும் வரும். 'நம் குழுவுக்குப் பொருந்துவாரா' என்ற அளவுகோலை எடுத்துவிடுங்கள். பாகுபாடு அதிகம் ஒளியும் இடம் அது.

ரோட்டாவை, அதாவது ஷிப்ட் அட்டவணையை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்: இரவு ஷிப்ட், ஞாயிறு, ஓவர்டைம், கடினமான வேலை, யாருக்கு எத்தனை. எண்ணினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

மொழி விதி வைக்க நினைத்தால் இரண்டு தீர்ப்புகளை நினைவில் வையுங்கள். 2012 இல், ஒரு பெண்ணிடம் மட்டும் 'உன் சொந்த மொழியில்' பேசாதே என்றது பாகுபாடு என்று முடிந்தது. 2015 இல், விலங்குப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் ரஷ்ய மொழி பேச வேண்டாம் என்றது பாகுபாடு ஆகவில்லை; அங்கே பாதுகாப்பு குறித்த உண்மையான சந்தேகம் இருந்தது, அதே நிலையில் வேறு எந்த மொழி பேசியிருந்தாலும் அப்படியே சொல்லியிருப்பார்கள். விதி எல்லா மொழிக்கும் ஒன்றாக, வேலைத் தேவையோடு, அந்த நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். நோயாளி முன்னால் ஆங்கிலம் என்பது நியாயம். தேநீர் இடைவேளையில் தமிழ் பேசாதே என்பதற்கு நியாயம் கண்டுபிடிப்பது கடினம்.

தமிழர் நடத்தும் கடைகளுக்கும் பெட்ரோல் நிலையங்களுக்கும் இதே சட்டம்தான். தெரிந்தவர் வாயிலாகத் தமிழரை மட்டும் எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டும் சோமாலியரையோ ருமேனியரையோ "ஆள் வேண்டாம்" என்று அனுப்புவது நமக்குச் செய்தால் நாம் எதைப் பாகுபாடு என்போமோ அதுவே. வெளியிலும் ஒரு விளம்பரம் ஒட்டுங்கள், வந்தவர் எல்லாரையும் ஒரே கேள்வி கேளுங்கள்.

சாதியும் இங்கே வந்துசேர்ந்திருக்கிறது. 2014 இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம், சூழ்நிலையைப் பொறுத்துச் சாதி 'இனக்குழுப் பூர்வீகம்' என்பதற்குள் அடங்கலாம் என்றது; தனிச் சட்டம் கொண்டுவருவதில்லை என்று 2018 இல் அரசு முடிவெடுத்ததால் அந்தத் தீர்ப்பே இன்று பிடிமானம். நேர்காணலில் "எந்த ஊர்?" என்று தொடங்கி "ஊரில் எந்தப் பக்கம்?", "அப்பா என்ன வேலை?" என்று நீளும் விசாரணை எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். வேலைக்கு வருபவரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்காதீர்கள். உங்கள் மேற்பார்வையாளர்களையும் கேட்க விடாதீர்கள். கொள்கைத் தாளில் நிறம், நாடு என்று எழுதியிருக்கும் வரியில் சாதி என்ற சொல்லையும் சேர்த்து, தமிழிலும் அச்சிட்டு, ஊழியர் தேநீர் போடும் இடத்தில் ஒட்டுங்கள்.